நீர் கொடுத்த மான் எனக்கு வேண்டாம்

மேப்பிள் மேட்டுச் சாலை,
விஸ்கான்சின்.
நவம்பர், முதல் செவ்வாய்

வேலிக்கு அந்தப் பக்கத்து கஸ்மிர் ட்ரோஸ்ட் அவர்களுக்கு, இந்தப் பக்கத்து ஹெட்விக் லிப்ஸ்கி எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. உமது நலத்தை உம்முடைய மகன் டுவேன் கோவில் வாசலில் நின்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருக்கிறான், என் காதிலும் விழுந்தது. அரிசோனாவில் மகள் லொரெய்ன் வீட்டில் இருக்கிறீராம். மூச்சு முட்டுகிறதாம். இனிமேல் குளிர் ஆகாதென்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நவம்பர் மாதத்தில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறீராம். உட்காரும். உமது மூச்சை விசாரிக்க நான் தபால்தலை ஒட்டவில்லை.

அந்த மான் கிடாவைப் பற்றி எழுதுகிறேன்.

எந்தக் கிடா என்று நீர் கேட்க மாட்டீர். நீர் பிஷப் என்று பெயர் வைத்தீரே, நான் வரிக்காரன் என்று கூப்பிடுகிறேனே, வலக் கொம்பில் ஒரு கிளை மட்டும் தரையைப் பார்த்து வளைந்திருக்குமே, அதுதான். நாற்பது ஏக்கர் உமக்கு, நாற்பது ஏக்கர் எனக்கு, நடுவில் ஒரு முள்கம்பி வேலி. வேட்டைக்கு அது கைக்குட்டை அளவு நிலம். அதில் ஐந்து வருஷமாக இரண்டு கிழங்கள் ஒரே மானுக்குப் பரண் கட்டி உட்கார்ந்திருந்தோம். உம்முடைய பரண் வேலியோரத்தில், என் நிலத்தைப் பார்த்து. என்னுடையதும் வேலியோரத்தில், உமது நிலத்தைப் பார்த்து. அது உம்மிடம் படுத்து என்னிடம் மேய்கிறது என்று நான் நினைத்தேன். என்னிடம் படுத்து உம்மிடம் மேய்கிறது என்று நீர் நினைத்தீர். கடைசியில் மானைப் பார்த்ததைவிட ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்ததுதான் மிச்சம். அந்த மூஞ்சியைப் பார்த்த எந்த மானும் அந்தப் பக்கம் வராது. உம்முடையதைச் சொல்கிறேன்.

இப்போது கேளும். அது படுக்கும் இடம் தெரிந்துவிட்டது. சதுப்பில் இல்லை. தேவதாரு அடர்த்தியிலும் இல்லை. உமது வீட்டுக்குப் பின்னால், சமையலறை ஜன்னலுக்கு எதிரே, உம் மனைவி ஸ்டெல்லா வைத்த ராஸ்பெரிப் புதருக்குள் படுக்கிறது. சிரிக்க வேண்டாம், இருமல் வரும்.

என் மாடியில் தையல் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் உமது கொல்லை முழுக்கத் தெரியும். நீர் பரணுக்குக் கிளம்புவதை வேவு பார்க்க நான் எப்போதும் நிற்கிற இடம் அது. செப்டம்பரில் நீர் போன பிறகு வேவு பார்க்க ஆள் இல்லை. பழக்க தோஷத்தில் வெறும் கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் காலை புதருக்குள்ளே ஒரு காய்ந்த கிளை தலையைத் திருப்பிப் பார்த்தது.

என்ன சாமர்த்தியம் பாரும். முதுகுக்குப் பின்னால் உமது வீடு. மேல்காற்று வீட்டைத் தாண்டி வருவதால், பின்னால் யார் வந்தாலும் மூக்கு சொல்லிவிடும். முன்னால் சரிவு, அதைக் கண் பார்த்துக்கொள்ளும். புகைபோக்கியில் புகையில்லை. நாய் செத்துப்போயிற்று. உமது இருமல் அரிசோனாவுக்குப் போய்விட்டது. திருடன் வராமலிருக்க டுவேன் சமையலறையில் ரேடியோவைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், ஓயாமல் போல்கா பாட்டு. அந்தச் சத்தம் இடம் மாறாது, கிட்டே வராது, சுடாது. உம்முடைய பிஷப் அந்த அக்கார்டியன் இசையைக் கேட்டுக்கொண்டே அசை போடுகிறது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டுவேனிடம் சொல்லவே மாட்டேன். அவன் சதுப்பில் மரத்துக்கு மரம் கேமரா கட்டி, உறுமுகிற வண்டியில் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். போன வாரம் என் வாசலில் நிறுத்தினான். "லிப்ஸ்கியம்மா, அந்தப் பெரிய கிடாவ எங்கயாச்சும் பாத்தீங்களா?" என்றான். "உன் வண்டிச் சத்தம் கேட்டு அது மிச்சிகனுக்கே குடி போயிருக்கும்டா" என்றேன். அவனுக்கு உறைக்கவில்லை, சிரித்தான். "எங்க போயிரும்? நன்றித் திருநாள் முடிஞ்ச சனிக்கிழம கம்பெனி ஆளுங்க பத்து பேர கூட்டியாறேன். வரிசையா நின்னு கூச்சல் போட்டு, சதுப்பு, கொல்லை, புதர்னு ஒண்ணு விடாம விரட்டப் போறோம்" என்றான். கிளம்பும்போது, "வசந்தத்துல இடத்த வித்துடலாம்னு லொரெய்னும் நானும் பேசிக்கிட்டிருக்கோம்" என்றும் சொன்னான். உம்மிடம் சொன்னார்களோ இல்லையோ, நான் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுக்குள் சண்டை வந்தால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

உம்மோடு எனக்கு சிநேகம் வந்துவிட்டதென்று கனவு காண வேண்டாம். முப்பது வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஃப்ளோரியன் சுட்ட கிடா அடிபட்டு வேலியைத் தாண்டி உமது பக்கம் போய் விழுந்த நாள் எனக்கு இப்போதும் அப்படியே இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் விழுந்த மானை எடுக்க அவர் சம்மதம் வேண்டுமென்பது சட்டம். ஃப்ளோரியன் சட்டத்தை மதித்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உமது மூலைக் கம்பத்தருகே நின்று, "கஸ்மிர், உள்ள வந்து எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். நீர் என்ன சொன்னீர்? "என் மண்ணுல கெடக்குறது என் மான்" என்றீர். ரத்தம் சொட்டிய தடம் எங்கள் சோளக்காட்டிலிருந்து வருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னீர். அதன் தலையைப் பாடம் பண்ணி, உமது பெயர் போட்டு, ஊர் மதுக்கடையில் மாட்டினீர். அன்றிலிருந்து சாகும்வரை அவர் அந்தக் கடைக்குள் கால் வைக்கவில்லை. அவர் சாவுக்கு உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தீர், மறுநாளே பாத்திரத்தைக் கேட்டு ஆள் அனுப்பினீர். உப்பும் இல்லை அதில்.

அதனால் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் சனிக்கிழமை துப்பாக்கி வேட்டை தொடங்குகிறது. அதற்குள் வாரும். பரணில் ஏற வேண்டாம், பனியில் நடக்க வேண்டாம். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைத் தூக்கினால் போதும். நீர் சுட்டால் எனக்கு வயிறு எரியும். எரியட்டும். பத்துப் பேர் கூச்சல் போட்டு ஓடவைத்து, ஓடுகிற மானின் தொடையில் சுட்டு, பீர் டப்பாவைக் கொம்பில் மாட்டிப் படம் எடுப்பதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. வர முடியாதென்றால் விரட்டு வேட்டை கூடாதென்று மகனுக்குச் சொல்லும். நிலம் இன்னும் உமது பெயரில்தானே இருக்கிறது?

பதில் போடும். நீட்டி எழுத வேண்டாம், எனக்குப் படிக்கப் பொறுமை கிடையாது.

ஹெட்விக் லிப்ஸ்கி
(ஃப்ளோரியன் லிப்ஸ்கியின் மனைவி)


மேப்பிள் மேட்டுச் சாலை
வேட்டை தொடங்க இரண்டு நாள் இருக்கிறது

கஸ்மிர் ட்ரோஸ்ட் அவர்களுக்கு,

உமது காகிதம் வந்தது. கடிதம் என்று சொல்ல மாட்டேன். "ஹெட்விக் லிப்ஸ்கி என் நிலத்தில் நடக்கவும் உட்காரவும் மான் சுடவும் எனக்குச் சம்மதம். சாவி பால்கேனுக்கு அடியில்." அவ்வளவுதான், கீழே கையெழுத்து. எழுத்து முழுக்க நடுங்கியிருக்கிறது. கேலிக்காகச் செய்தீரோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கேலி மாதிரி தெரியவில்லை.

யார் கேட்டது உம்முடைய சம்மதத்தை? வாரும் என்று எழுதினேன். நான் போகிறேன் என்று எந்த வரியில் எழுதியிருந்தேன்? எனக்குப் படிப்பு கம்மி, எட்டாம் வகுப்போடு உருளைக்கிழங்கு தோண்ட வந்தவள். ஆனாலும் நான் எழுதியது எனக்குத் தெரியும். கேட்டவருக்குக் கொடுக்கவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார், கொடுக்கவில்லை. கேட்காதவளுக்குத் தபாலில் வருகிறது சம்மதம்! படித்ததும் அடுப்பில் போடத்தான் போனேன். அடுப்பு மூடியைத் திறந்தேன், பிறகு மூடிவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்.

விரட்டு வேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடத்தை விற்பதைப் பற்றியும் இல்லை. ஐந்து வருஷம் அந்த மானுக்காக என்னைப் பரணில் உறையவைத்த ஆள், "நீயே சுட்டுக்கோ" என்று காகிதம் அனுப்புகிறார் என்றால் என்ன அர்த்தம்? ஒன்று, உமக்கு மண்டை குழம்பியிருக்க வேண்டும். இன்னொன்றை நான் எழுதப் போவதில்லை.

லொரெய்னுக்குத் தொலைபேசியில் பேசினேன். ஆமாம், நான்தான், உமது மகளிடம். "அப்பா தூங்குறாரு, லிப்ஸ்கியம்மா" என்றாள். பட்டப்பகலில் என்ன தூக்கம் என்றேன். "இப்பல்லாம் அப்படித்தான். உங்க கடிதாசிய மூணு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டாரு. 'என் மூஞ்சியவா சொல்றா அந்தக் கிழவி?'ன்னு ஒரே சிரிப்பு. அப்புறம் இருமல் நிக்கல" என்றாள். சிரிக்க வேண்டாம் என்று நான் எழுதித்தானே இருந்தேன்? சொன்ன பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறீர்.

கிடா அங்கேதான் இருக்கிறது. பெட்டைகள் பின்னால் சுற்றிக் கழுத்து தூணாகப் பெருத்திருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு போகிறது, விடியுமுன் வந்துவிடுகிறது. வெளிச்சத்தில் எழுந்து நிற்பதே இல்லை. உமது காகிதத்தை வைத்துக்கொண்டு நான் அந்தப் பக்கம் ஓடிவருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். என் பரணில் உட்காருவேன். என் பக்கம் வந்தால் என் மான்.

இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. விமானம் என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஹெ. லிப்ஸ்கி


மேப்பிள் மேட்டுச் சாலை
வேட்டை முடிந்த ஞாயிறு

கஸ்மிர் ட்ரோஸ்ட்டுக்கு,

நீர் வரவில்லை. அதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

முதல் சனி ஞாயிறு இரண்டு நாளும் என் பரணில் கிடந்தேன். எதிரே உமது பரண் காலி. ஒரு அணில் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தது. உம்மைவிடக் கொஞ்சம் அழகு. டுவேனும் அவன் சிநேகிதர்களும் சதுப்பில் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். எதைச் சுட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

வியாழக்கிழமை, நன்றித் திருநாள். என் பேத்தி கோரின் விருந்துக்கு வந்திருந்தாள். வாத்து அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அன்று பார்த்துக் காற்று திசை மாறிக் கீழ்காற்று. உமது ரேடியோ என் அடுப்படி வரை கேட்டது. திடீரென்று நின்றுவிட்டது. அக்கார்டியன் பாதி இழுப்பில் அறுந்தது.

வெளியே ஓடினேன். டுவேன் உமது வாசலிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். "டேய், ரேடியோவ ஏண்டா நிறுத்தின?" என்று கத்தினேன். "குழாத் தண்ணிய வடிச்சுட்டு மெயினயே அணைச்சுட்டேன். விக்கப்போற வீட்டுக்குக் கரண்டு எதுக்கு?" என்றான். "திருடன் வருவான்டா" என்றேன். "எந்தத் திருடன் லிப்ஸ்கியம்மா போல்கா பாட்டுக்குப் பயந்துக்கிட்டு நிக்கிறான்? ராசா மாதிரி உக்காந்து கேட்டுட்டுல்ல போவான்!" என்று சொல்லிவிட்டு மாமியார் வீட்டு விருந்துக்குப் போய்விட்டான்.

மாடிக்கு ஏறினேன். முட்டி வலியெல்லாம் எங்கே போயிற்றோ. கிடா எழுந்து நின்றுகொண்டிருந்தது. பட்டப்பகலில், முழு உடம்போடு. இத்தனை வருஷத்தில் நாம் இருவரும் ஒருதரமாவது அதை முழுசாகப் பார்த்திருப்போமா? காது இரண்டும் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. சத்தம் வந்தால் பயப்படுகிற மிருகம் சத்தம் நின்றதால் பயந்து நின்றது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பிச் சதுப்பைப் பார்த்தது. சதுப்புக்குப் போனால் சனிக்கிழமை அந்தப் பத்துப் பேர்.

வேட்டைக்குரிய ஆரஞ்சு நிறக் கோட்டைப் போட்டேன், துப்பாக்கியை எடுத்தேன். உமது காகிதம் மேலங்கிப் பையில் இருந்தது. கோரின் கரண்டியோடு வந்து, "பாட்டி, வாத்து கருகுது, துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு எங்க போறீங்க?" என்றாள். பக்கத்து வீட்டுக்கு என்றேன். "ட்ரோஸ்ட் வீட்டுக்கா? அய்யோ, அவரத்தான் சுடப்போறீங்களா? அவரு ஊர்லயே இல்லையே!" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூட நம் சங்கதி தெரிந்திருக்கிறது.

ஃப்ளோரியன் நின்ற கம்பத்தருகேதான் கம்பியைத் தூக்கிக் குனிந்து நுழைந்தேன். வேறு இடத்தில் நுழைந்திருக்கலாம். நுழையவில்லை. கீழ்காற்று ஆனதால் என் வாடை மானுக்குப் போகாது. வாசல்பக்கமாகச் சுற்றி வந்து, பால்கேனை நகர்த்தி, சாவியை எடுத்து, உமது வீட்டுக்குள் கால் வைத்தேன்.

சமையலறை ஜன்னலோரம் நாற்காலி. மேலே தூரக்கண்ணாடி தொங்குகிறது. நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கண்ணில் வைத்தால், கொல்லைக்கு அப்பால் வேலியோரத்தில் தெரிவது காடு இல்லை. என் பரணின் ஏணி. நான் ஏணி ஏறுவதை இத்தனை வருஷமாக இங்கே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறீர்! வெட்கமில்லையா மனுஷனே?

ஜன்னலைச் சத்தமில்லாமல் தூக்கினேன். பிளந்து அடுக்கிய விறகைத் தாண்டி மான் நின்றது. அதன் மூக்கில் ஆவி வருவது தெரிந்தது. முகவாய் நரைத்துவிட்டது, கஸ்மிர். துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். குறுக்காக நின்றது, முன்னங்காலுக்குப் பின்னால் உள்ளங்கை அகலம் இடம். அதைவிட லேசான குறி என் ஆயுசில் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்போது எனக்குப் பொட்டில் அடித்தது. உமது வீடு. உமது நாற்காலி. உமது காகிதம். சுட்டால் இது நான் பிடித்த மான் இல்லை, நீர் கொடுத்த மான். ஊரில் கேட்பார்கள். கஸ்மிர் சம்மதம் கொடுத்தார், ஹெட்விக் வாங்கிக்கொண்டாள் என்பார்கள். ஃப்ளோரியனுக்குக் கொடுக்காததை நான் கையை நீட்டி வாங்குவதா? என் வீட்டில் அந்தக் கறி இறங்குமா?

துப்பாக்கியை இறக்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உமது நிலவறைக்குள் இறங்கினேன். படிக்கட்டில் இரண்டாவது பலகை உளுத்திருக்கிறது, சரிபண்ணும். மெயினைத் தட்டிப் போட்டேன். மேலே அக்கார்டியன் தொடங்கியது. ஏறி வந்து பார்க்கிறேன், மான் வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லாக நின்றது. ஒரு பாட்டு முடியும்வரை அப்படியே நின்றது. அடுத்த பாட்டில் வாலை இறக்கியது. அதற்கடுத்த பாட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நான் உமது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாத்து கரிக்கட்டை ஆகிவிட்டது. கோரின் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

சனிக்கிழமை விடியும்போதே போய் உமது வாசல் கேட்டில் நின்றுகொண்டேன். பனி கொட்டியது. டுவேன் ஆள்படையோடு வந்தான். சதுப்பில் விரட்டு, கொல்லைப்பக்கம் வராதே, அங்கே நான் வேட்டைக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். "இது எங்கப்பா எடம், லிப்ஸ்கியம்மா" என்றான். அதனால்தான் சொல்கிறேன் என்று காகிதத்தை நீட்டினேன். படித்தான். திருப்பிப் பார்த்தான். மறுபடி படித்தான். "இது அப்பா கையெழுத்துதான். ஆனா உங்களுக்கும் அப்பாவுக்கும் பேச்சே கெடையாதே!" என்றான். "இப்பவும் கெடையாது" என்றேன். பின்னால் நின்ற ஒருவன் சிரித்துவிட்டான். டுவேன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "லிப்ஸ்கியம்மா, அப்பா திரும்பி வருவார்னு நெனைக்கிறீங்களா?" என்று கேட்டான். அவன் வண்டி உறுமாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சதுப்புப் பக்கம் கையைக் காட்டினேன். போனார்கள். மத்தியானம் வரை ஊளையிட்டு கொம்பு முளைக்காத ஒரு குட்டியைச் சுட்டுக்கொண்டு திரும்பினார்கள். புதருக்குள் இருந்தது இமைகூட அசைக்கவில்லை.

இன்று பொழுது சாய்ந்ததோடு வேட்டை முடிந்தது. கிடா உயிரோடு இருக்கிறது. நீர் படித்தாலும் சரி, லொரெய்ன் படித்துக் காட்டினாலும் சரி, இந்த வரியை இரண்டுதரம் படியும்.

இடத்தை விற்கக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர். அந்த எழுத்தை வைத்துக்கொண்டு எந்தப் பத்திரமும் செல்லாதென்று சொல்லும். சிகாகோக்காரன் எவனாவது வாங்கி, புதரை அழித்துப் புல்தரை போடுவான், கையை ஆட்டி எனக்கு வணக்கம் வேறு சொல்வான். எனக்கு ஆகாது. ரேடியோவை நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் போய்ப் பார்க்கிறேன், சும்மா போகிறேன், நன்றி சொல்லித் தொலைக்க வேண்டாம்.

உமது காகிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்துப் பேரை நிறுத்த ஒருதரம் காட்டினேன், அதற்குமேல் அதனால் எனக்கு எந்த உபயோகமும் இல்லை. மறுபடி கொடுப்பதாக இருந்தால் தபாலில் அனுப்பக்கூடாது. வசந்தத்தில் பனி உருகட்டும், டாக்டர் சொல்கிற குளிர் போகட்டும். மூலைக் கம்பத்தருகே வந்து நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உமது வாயால் சொல்லும். வேண்டாம் என்று உமது முகத்துக்கு நேராக நான் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகச் சொல்லக் காத்திருக்கிறேன். அந்த ஒன்றைக் கேட்பதற்காவது மூச்சைப் பிடித்து வைத்திரும்.

ஹெட்விக்